சிவப்பு ட்ராக்சூட் சாமிகள் மலையேறிய கதை

கதையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரர்கள் பாதியிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஓர் ஊர். அங்கே கெட்ட ஆவிகள் மனிதர்களின் உடம்புக்குள் புகுந்து கொலை மேல் கொலையாகச் செய்கின்றன. அவற்றைப் பிடிக்க மேலுலகம் ஆள் தேடுகிறது. கோமாவில் கிடக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து ஓர் ஆவி இறங்கி உள்ளே உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான்! படுத்திருந்தவர் எழுந்துவிடுகிறார். முடி சுருட்டையாகிறது. நான்கு ஆள் பலம் வருகிறது. பேய் பிடித்தவனைத் துரத்திப் பிடித்து, அமுக்கி உட்கார வைத்து, கையை வைத்து, உள்ளே சிக்கிக் கிடக்கிற ஆத்மாக்களை விடுவித்து, பேயை மேலே அனுப்பிவைக்கிறார்.

"இதுக்கு எதுக்குடி கொரியா வரைக்கும் போற? பாண்டி கோயிலுக்குப் போனா நேர்லயே பாக்கலாமே" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது கேட்டால், அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பாண்டி கோயிலில் சிவப்பு ட்ராக்சூட் கிடையாதே!

தொடரின் பெயர் 'தி அன்கேனி கவுன்ட்டர்'. 2020 நவம்பர் 28 அன்று கொரியாவின் ஓசிஎன் சேனலில் ஆரம்பித்து, 2021 ஜனவரி 24 அன்று முடிந்தது. மொத்தம் 16 எபிசோட். உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்தக் காலத்தில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக நம்ம ஊர் போன்களுக்குள்ளும் புகுந்தது. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பேசுவதுபோல, அதில் பேய் பிடிக்கிற நால்வரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு 2023இல் இரண்டாவது சீசன் வந்தது. அப்புறம் அந்தப் பேச்சே நின்றுபோனது.

ஏன்? அதைத்தான் திரையைக் கொஞ்சம் ஒதுக்கி, பின்கட்டு வழியாக எட்டிப் பார்க்கப் போகிறோம். கதை உடைபடும். முதல் சீசனை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இந்தப் பக்கம் எங்கேயும் ஓடிவிடாது.

நூடுல்ஸ் கடையின் உள்ளே

பேய் பிடிக்கிற இந்த ஆட்களுக்குத்தான் கவுன்ட்டர்கள் என்று பெயர். பகலில் நூடுல்ஸ் கடை நடத்துகிறார்கள். கூட்டம் அள்ளுகிற கடை. வாசலில் வரிசை நிற்கும்போதே, நால்வரில் ஒருத்தியான ஹா-நாவுக்குப் பேய் இருக்கும் இடம் தெரிந்துவிடும். உடனே அடுப்பு அணைகிறது, கடை சாத்தப்படுகிறது, ஏப்ரன் கழன்று ட்ராக்சூட் ஏறுகிறது. வரிசையில் நின்றவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மதுரையில் ராத்திரி பத்து மணிக்குக் கல்லில் புரோட்டா வெந்துகொண்டிருக்கும்போது இப்படிக் கடையைச் சாத்திப் பாருங்கள். பேயைவிடப் பெரிய பிரச்னை வாசலில் நிற்கும்.

அந்தக் கடைக்காரர்களைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். பெரிய தாதா மாதிரி நிற்கிற கா மோ-தாக், பழைய போலீஸ்காரர். பழைய ஞாபகம் எல்லாம் அழிந்துபோய், பலம் மட்டும் மிச்சம். அந்த வேடத்தில் நடித்த யூ ஜுன்-சாங் 1969 நவம்பர் 28 அன்று பிறந்தவர். தொடர் ஆரம்பித்த தேதியை மறுபடி பாருங்கள். ஆமாம், தன்னுடைய 51வது பிறந்தநாளில்தான் மனுஷன் சட்டையைக் கழற்றி சிக்ஸ்பேக் காட்டுகிற தொடரில் இறங்கியிருக்கிறார்!

கையைத் தொட்டால் உங்கள் ஞாபகங்களைப் படித்துவிடுகிற டோ ஹா-நாவாக வந்தவர் கிம் செ-ஜியோங். அடிப்படையில் பாடகி. 2016இல் 'புரொடியூஸ் 101' போட்டியில் இரண்டாம் இடம் பிடித்து, ஐஓஐ பெண்கள் குழுவில் சேர்ந்தவர். நாயகன் சோ மூனாக வந்த ஜோ பியோங்-க்யூவை 'ஸ்கை காஸில்' பார்த்தவர்கள் முன்பே அறிவார்கள்.

கடைச் சமையல்காரி சூ மே-ஓக் யார் தெரியுமா? யோம் ஹே-ரான்! 'தி குளோரி'யில் புருஷனிடம் அடிவாங்கிக்கொண்டே பழிவாங்கலுக்குத் துணைபோன அந்த அக்கா. 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' தொடரில் நம்மைக் கதறவிட்ட கடலோரத்து அம்மாவும் இவர்தான். இவரைப் பற்றி எனக்கு ஒரு பெரிய ஆதங்கம் இருக்கிறது. கடைசியில் வருகிறேன்.

இவர்களுக்கெல்லாம் செலவு பார்க்கிற கோடீஸ்வரத் தாத்தா ஒருவரும் உண்டு. பேய் பிடிக்கவும் ஸ்பான்சர் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அப்பத்தா சொன்ன விமர்சனம்

முதல் எபிசோடிலேயே ஒரு மூத்த கவுன்ட்டர் பேயோடு மோதிச் செத்துப்போகிறார். அவருக்குள் இருந்த வி-கென் என்ற ஆவிக்கு உடனே வேறு உடம்பு வேண்டும். நகரத்தின் மேலே பறந்து தேடுகிறது. கோமாவில் கிடப்பவரைத்தானே பிடிக்கவேண்டும்? அது நேரே போய், ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருக்கிற பள்ளிக்கூடப் பையன் மேல் இறங்கிவிடுகிறது. சோ மூன் கோமாவிலேயே இல்லாத முதல் கவுன்ட்டர். அடுத்து முடி சுருள்கிறது. இழுத்து இழுத்து நடந்த கால் சரியாகிறது. ஊன்றுகோலை விட்டுவிட்டு அவன் ஓடுகிற ஓட்டத்தில் நாமும் மூச்சுவாங்குவோம்.

அந்தக் காட்சியை என்னோடு பார்த்த அப்பத்தாவுக்கு ஒரு வரி மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. "ஏத்தா, அந்தப் பயலுக்கு அருள் வந்துருச்சு. கையில திருநாறக் குடுக்கச் சொல்லு" என்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பத்தா சீரியஸாகவே இருந்தது.

யோசித்தால், அதைவிடச் சரியான விமர்சனம் வேறு இல்லை. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சாமியாடிக்கு என்ன நடக்கிறதோ அதேதான் கவுன்ட்டருக்கும் நடக்கிறது. இங்கே சல்லடம், கச்சை, சலங்கை, அரிவாள். அங்கே ட்ராக்சூட். இங்கே உறுமி முழங்கிக் குலவை எழும்பினால் சாமி இறங்கும். அங்கே தரையில் ஒளி பரவி வந்தால் கவுன்ட்டருக்குப் பலம் கூடும். இங்கே கோடாங்கி உடுக்கையை அடித்து "யாரு வந்திருக்கது, பேரச் சொல்லு" என்று பேயை அதட்டுவார். அங்கே மோ-தாக் முதலில் நாலு குத்து விட்டு அப்புறம் விசாரிப்பார்.

அழகர்கோவிலுக்குப் போனால் பதினெட்டாம்படிக் கருப்பசாமியைப் பார்க்கிறோம். அங்கே சிலை கிடையாது. சாத்திய கதவுதான் சாமி. அந்தக் கதவுக்குச் சந்தனம் பூசி மாலை சாத்துகிறார்கள். கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால், "கருப்பன் முன்னாடி வந்து சத்தியம் பண்ணு" என்றாலே பாதிப்பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். போலீஸ் பிடிக்காத குற்றவாளியைச் சாமி பிடிக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த ஊர் இது. மேயரே ரவுடி, போலீஸே அவர் பாக்கெட்டில் என்று இருக்கிற ஒரு கொரிய நகரத்தில் நூடுல்ஸ் கடைக்காரர்கள் நியாயம் கேட்கப் புறப்பட்டால் நமக்குப் பிடிக்காமல் போகுமா?

ஆனால் நம்ம ஊர்க் கதைகளில் ஒரு சங்கதி எப்போதும் இருக்கும். அருள் சும்மா வராது. வீட்டில் அகால மரணம், தீராத அநியாயம், செய்யாமல் விட்ட நேர்த்திக்கடன் என்று ஏதோ ஒன்று உள்ளே கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும். அதைக் கேட்கத்தான் சாமி வரும். கேட்டு, தீர்த்து, மலையேறும். சோ மூனின் முதல் சீசனும் அச்சு அசல் இதேதான். அவனுடைய அம்மா அப்பா இருவரும் போலீஸ். ஏழு வருஷத்துக்கு முன் கார் விபத்தில் இறந்தார்கள். அது விபத்தே இல்லை, கொலை. கொன்ற பேயின் உள்ளேதான் அவர்களுடைய ஆத்மாக்கள் அடைபட்டிருக்கின்றன. அந்தப் பேயைப் பிடித்தால்தான் பெற்றவர்களைப் பார்க்க முடியும். 16 எபிசோடும் ஓடியது இந்த ஒரே எரிபொருளில்தான்.

பின்கட்டில் நடந்த சலசலப்பு

இப்போது திரைக்குப் பின்னால். இந்தக் கதையின் மூலம் ஒரு வெப்டூன். ஜாங் யீ வரைந்தது, 2018இல் இணையத்தில் வெளிவரத் தொடங்கியது. டிவிக்கு எழுதியவர் யோ ஜி-நா. இயக்கியவர் யூ சியோன்-டோங். 2.7 சதவீதப் பார்வையாளர்களோடு ஆரம்பித்த தொடர், வாரத்துக்கு வாரம் ஏறி, உச்சத்தில் 11 சதவீதத்தை ஒட்டிப் போனது. ஓசிஎன் சேனல் வரலாற்றிலேயே 10ஐத் தாண்டிய முதல் தொடர் இதுதான். சேனல் ஆபீஸில் அன்றைக்கு எத்தனை கிலோ சிக்கன் வந்து இறங்கியதோ!

அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் கதாசிரியர் எழுந்து போனார். 12 எபிசோட் முடிந்த நிலையில், மிச்சக் கதை எப்படிப் போகவேண்டும் என்பதில் தயாரிப்புத் தரப்புக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. 13வது எபிசோடை இயக்குநரே எழுதினார். 14 முதல் கிம் சே-போம் பேனாவை எடுத்துக்கொண்டார். உன்னிப்பாகப் பார்த்தவர்களுக்கு அந்தத் தையல் தெரியும். கடைசி எபிசோடுகளில் புதுப்புது விதிகள் திடீரென்று முளைக்கும், மேயர் பாத்திரம் வேறு திசையில் திரும்பும். ஆனாலும் முதல் 12 எபிசோட் மூட்டிய நெருப்பு பெரிது. சோ மூன் யுங் என்ற அந்த இடைவெளி உலகத்தில் அம்மா அப்பாவைக் கட்டிப்பிடித்தபோது, யார் எழுதினார்கள் என்று யார் யோசித்தோம்? துப்பட்டாவில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது சீசன் 2023 ஜூலை 29 அன்று வந்தது. சேனல் மாறி, டிவிஎன். இரண்டுமே சிஜே ஈஎன்எம் குடும்பத்துச் சேனல்கள்தான். இயக்குநர் அதே யூ சியோன்-டோங். எழுத்து, பாதியில் வந்த கிம் சே-போம். 16 எபிசோட் 12 ஆனது. நடிகர்கள் அதே ஆட்கள், கடை அதே கடை. செப்டம்பர் 3 அன்று முடிந்தது. பார்வையாளர் கணக்கு முதல் சீசனின் உச்சத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

வில்லன் மூணு, வலி பூஜ்யம்

சரி, எங்கே இடறியது?

வில்லன்களில் ஆரம்பிப்போம். சீனாவிலிருந்து மூன்று பேய்கள் வந்து இறங்குகின்றன. கவுன்ட்டர்களைக் கொன்று அவர்களுடைய சக்தியையே உறிஞ்சிக்கொண்ட பேய்கள். 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ'வில் நல்ல சீனியர் வக்கீலாக வந்த காங் கி-யோங் இங்கே நீள முடியும் கோட்டுமாக மிரட்டுகிறார். 'தி குளோரி'யில் போதையில் தள்ளாடிய கிம் ஹி-யோரா இன்னொரு பேய். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நாமெல்லாம் துள்ளிக் குதித்தோம்.

பார்க்க உட்கார்ந்தால்? சண்டை. பேய் தப்பி ஓடுகிறது. மறுபடி சண்டை. மறுபடி தப்பி ஓடுகிறது. முதல் சீசனிலும் வில்லன் தப்பத்தான் செய்தான். ஆனால் ஒவ்வொரு தடவை தப்பும்போதும் பெற்றோர் அவன் வயிற்றுக்குள் இருக்கிறார்களே என்று நமக்குப் பதறும். இரண்டாவது சீசன் பேய்களின் உள்ளே நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் சக்தி. சோ மூனுக்கு வேண்டியதும் இன்னும் கொஞ்சம் சக்தி. இரண்டு பக்கமும் சக்தி சேர்க்கிற போட்டியாகிவிட்டால், பார்க்கிற நமக்கு என்ன வேலை?

புது கவுன்ட்டராக ஒருவர் வருகிறார். நா ஜியோக்-போங். வாசனை பிடித்தே பேயைக் கண்டுபிடிக்கிற கிராமத்து அப்பாவி. நடித்தவர் 'ஆல் ஆஃப் அஸ் ஆர் டெட்' தொடரில் ஒற்றைக் கண்ணோடு துரத்தித் துரத்திப் பயமுறுத்திய யூ இன்-சூ. அதே ஆள்தானா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன்! ஆனால் அவரைச் சிரிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் புதுசாக வந்த மாப்பிள்ளைபோல ஓரமாக உட்காரவைத்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், முதல் சீசன் கதை எதில் ஓடியதோ அந்தச் சரக்கு இரண்டாவது சீசனிலும் இருக்கிறது. நாயகனிடம் இல்லை, அவ்வளவுதான். மா ஜு-சியோக் என்று ஒரு தீயணைப்பு வீரர். ஊருக்கே நல்லவர். மனைவியைக் கொலைக்குப் பறிகொடுக்கிறார். அந்த ஆத்திரத்தில் அவருக்குள் ஒரு கதவு திறக்கிறது, அந்த வழியாகப் பேய் உள்ளே நுழைகிறது. நடித்தவர் ஜின் சியோன்-க்யூ. 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' படத்தில் சிக்கன் பொரித்தே நம்மைச் சிரிக்கவைத்த அந்த மனுஷன், இங்கே ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தால்கூட நெஞ்சை அடைக்கிறது. இந்த சீசனை முழுதாகப் பார்க்கவைத்தவர் அவர் ஒருவர்தான்.

அப்படியென்றால் கதை அவருடையதாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? கதாசிரியரோ கேமராவை மறுபடி மறுபடி சோ மூன் பக்கமே திருப்புகிறார். அவனுக்கோ கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று, தீர வேண்டியதெல்லாம் தீர்ந்தாயிற்று. மூன்றாவது எபிசோடிலேயே அப்பத்தா எழுந்து போய்விட்டது. "சாமி மலையேறிருச்சுத்தா. இப்ப ஆடுறது வெறும் ஆளு."

பக்கத்து வீட்டுக் கதைகள்

கொரியத் தொடர்களுக்கு இரண்டாவது சீசன் என்பதே பெரிய பழக்கம் கிடையாது. பதினாறு எபிசோடில் காதல், கண்ணீர், முத்தம், சுபம் என்று முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதுதான் நெடுநாள் வழக்கம். ஓடிடி வந்த பிறகு, ஓடிய குதிரையை மறுபடி ஓடவிடுகிற ஆசை கூடிவிட்டது.

'ஸ்வீட் ஹோம்' அப்படித்தான். 2020 டிசம்பரில் வந்த முதல் சீசன் ஒரே ஒரு பழைய அபார்ட்மென்டுக்குள் நடக்கும். மாடிப்படி, லிஃப்ட், தாழ்வாரம் எல்லாம் நமக்கு மனப்பாடம். மூன்று வருஷம் கழித்து வந்த இரண்டாவது சீசன் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறி, ராணுவம், ஸ்டேடியம், புதுமுகங்கள் என்று விரிந்தது. நாயகன் சோங் காங்கைப் பல எபிசோடில் தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது. அவரைப் பார்ப்பதற்கென்றே பார்த்தவர்கள் என்ன ஆவது?

மாறாக 'டேல் ஆஃப் தி நைன் டெய்ல்ட்' பிழைத்துக்கொண்டது. லீ டோங்-வூக் ஒன்பது வால் நரியாக வருகிற தொடர். முதல் சீசனில் காதலியோடு சேர்ந்து முடிந்துவிட்டது. 2023இல் வந்த அடுத்த சீசனில் அவரை 1938க்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஜப்பான் ஆண்ட காலத்துக் கொரியா. புதுப் பகை, பழைய நட்பு, திரும்பக் கிடைத்த தம்பி. ஆள் பழசு, அவருக்கு வந்த கவலை புதுசு. அதனால் ரசிகர்கள் முகம் சுளிக்கவில்லை.

'ஹோட்டல் டெல் லூனா' இன்னும் சாமர்த்தியம். 2019இல் முடியும்போது கடைசி நிமிஷத்தில் கிம் சூ-ஹ்யூனைப் புது முதலாளியாக ஒரே ஒரு காட்சியில் காட்டி, நம்மை அலறவைத்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டார்கள். அடுத்த சீசன் வரவே இல்லை. அந்த ஹோட்டலில் என்னென்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நாமே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மதுரைக்காரர் எழுதிய விடை

இரண்டாவதை எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ள சியோல் வரை போக வேண்டியதே இல்லை. மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் மதுரையிலேயே மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் அதை 1990களிலேயே எழுதிக் காட்டிவிட்டார்.

சன் டிவியில் 'மர்மதேசம்'. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். முதலில் வந்த 'ரகசியம்' ஒரு கோயில், சித்தர், நவபாஷாண லிங்கம் என்று போன கதை. அது முடிந்ததும், அதே ஆட்களை அதே கோயிலுக்கு மறுபடி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை! அடுத்து வந்த 'விடாது கருப்பு' புது ஊர், புது மனிதர்கள், புதுக் கேள்வி. தப்பு செய்தவனை ராத்திரியில் வெள்ளைக் குதிரையில் வந்து தண்டிப்பது கருப்பசாமியா, மனுஷனா? 'விட்டு விடு கருப்பா' என்ற அவருடைய நாவல்தான் அதற்கு மூலம். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்ட தலைமுறை இன்றைக்கு ஈஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பலருக்கு முதலில் ஞாபகம் வருவது இரண்டாவதாக வந்த இந்தக் கருப்புதான். கூடுதல் கிசுகிசு: அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் நிஜ வாழ்க்கையிலும் ஜோடியானார்கள். பேய்க் கதையில் பூத்த கல்யாணம்!

'மர்மதேசம்' என்ற பெயர் தொடர்ந்தது, பயமும் தொடர்ந்தது. தீராத வழக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் வேறொருவருடையது. கருப்பசாமிக்கு வேலை குறைவதே இல்லை. அநியாயம் நடந்த புது வீடு ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும். பழைய வீட்டு வாசலில் போய் மறுபடி நின்றால்தான் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள்.

மூணாவது வந்தால், அக்காவிடம் கொடுங்கள்

இப்போது என் ஆதங்கம். சிவப்பு ட்ராக்சூட் மறுபடி வந்தால் கதையை யாரிடம் கொடுக்கலாம்? தேடவே வேண்டாம், அடுப்படியில் நிற்கிறார்.

மே-ஓக்குக்குள் இறங்கியிருக்கிற ஆவி யார் தெரியுமா? செத்துப்போன அவருடைய சொந்த மகன் சூ-ஹோ. யுங் உலகத்தில்தான் அவன் இருக்கிறான். அம்மா கவுன்ட்டராக இருக்கும் வரைதான் இருவரும் பார்த்துக்கொள்ள முடியும். அடிபட்டவர்களைத் தொட்டுக் குணமாக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஊரார் பிள்ளைகளைப் பிழைக்கவைத்தே தேய்ந்துபோனால், தன் பிள்ளையை யார் பார்ப்பது? அதற்காக நிறுத்திவிட்டால், எதிரே ரத்தம் கொட்டக் கிடக்கிற பிள்ளையை என்ன செய்வது?

இதைவிடப் பெரிய கதை என்ன வேண்டும்? சீனாவிலிருந்து பேய் வரவழைக்கத் தேவையில்லை. கிராஃபிக்ஸ் செலவு மிச்சம். யோம் ஹே-ரான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், பாதி ஆசியா அழுதுவிடும். சோ மூன் தம்பி கொஞ்ச நாள் வரிசையில் நிற்பவர்களுக்கு நூடுல்ஸ் பரிமாறட்டும்.

அதுவரைக்கும் வாரக்கடைசிக்கு என் சிபாரிசு: முதல் சீசனை முழுதாக ஒருமுறை பாருங்கள். இரண்டாவது சீசனில் ஜின் சியோன்-க்யூ வருகிற இடங்களை மட்டும் தள்ளித் தள்ளிப் பாருங்கள். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு 'விடாது கருப்பு'. வீட்டில் அப்பத்தா இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். சப்டைட்டிலில் இல்லாததெல்லாம் அவர் சொல்வார்.